நெல்லிக்கனியைக் கொடுத்துவிட்ட எல்ஃப்

எல்ஃப் என்பது ஐரோப்பியக் கதைகளில் வரும், கூர்க்காதும் நீண்ட ஆயுளும் உடைய மாய இனம். எல்ஃப் படை என்று சொன்னால் மேசையின் மேல் என்ன வந்து நிற்கும் என்பதை, சிறு போர்வீரர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டி மேசைமேல் போர் ஆடும் மினியேச்சர் விளையாட்டில் சில காலம் இருந்த எவரும் பார்க்காமலேயே சொல்லிவிடுவார். காட்டு எல்ஃப் என்றால் இலைப்பச்சை, உயர்குடி எல்ஃப் என்றால் வெள்ளையும் நீலமும், இருள் எல்ஃப் என்றால் கருப்பும் ஊதாவும். மூவருக்கும் வெளுத்த முகம், தோளில் விழும் கூந்தல், உலகத்தின் மீது தீராத ஒரு சலிப்பு. இவ்வகை விளையாட்டுகளில் பேர்பெற்ற வார்ஹாமர் 1983இல் தொடங்கியது. அதன் கதை நடக்கும் பழைய உலகத்தை, அதை வெளியிடும் நிறுவனமே 2015இல் அழித்து முடித்தது, 2024இல் மீண்டும் திறந்தது. இத்தனைக்கும் நடுவில் எல்ஃபின் தலைமுடி மட்டும் கலையவே இல்லை.

இதிலிருந்து தப்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் உடையை மாற்றுகிறார்கள். பனிநாட்டு எல்ஃபுக்குக் கம்பளித் தோலும், பாலைநில எல்ஃபுக்குத் தலைப்பாகையும், ‘இந்திய’ எல்ஃபுக்கு நெற்றிப் பொட்டும் ஒரு யானையும் வந்து சேர்கின்றன; உள்ளே நிற்பவன் பழைய ஆள்தான். தருமபுரியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிற என்னிடம் ஓசூர், பெங்களூர் நண்பர்கள் எதிர்பார்ப்பதும் அதுவே என்பதால், யானையை என் படையிலிருந்து முதலிலேயே விலக்கிவிட்டேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தேன்கனிக்கோட்டைக் காடுகளில் யானைக்குக் குறைவில்லை. ஆனால் மேசைமேல் ஒரு யானை ஏறிவிட்டால் பார்ப்பவர் கண் வேறெதையும் காணாது. படைக்கென்று யோசித்து வைத்த கருத்தெல்லாம் அதன் காலடியில் போய்விடும்.

எல்ஃபைப் புதிதாகக் கற்பனை செய்ய விரும்புபவர் காதையும் காட்டையும் விட்டுவிட்டு அவர்களுடைய ஆயுளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மூப்பினால் சாகாத, அல்லது சாவதற்குப் பல நூறு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிற ஓர் இனம் போரில் ஒருவனை இழந்தால் என்ன செய்யும்? போரில் விழும் மனிதன் இழப்பது மிஞ்சிப்போனால் ஐம்பது ஆண்டு வாழ்வை. எல்ஃப் இழப்பதற்குக் கணக்கே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் எதற்காகப் போருக்கு வருகிறார்கள், வந்து விழுந்தவனை எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்ற கேள்விக்குப் படையில் நிற்கும் ஒவ்வோர் உருவமும் ஏதேனும் ஒரு வகையில் விடை சொல்ல வேண்டும். அந்த விடை கிடைத்துவிட்டால் என்ன நிறம், என்ன ஆயுதம் என்பதற்கெல்லாம் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த நிறுவனமே ஒருமுறை இதைச் சரியாகச் செய்திருக்கிறது. 2018இல் வெளிவந்த ஐடோனெத் டீப்கின் என்னும் கடலடி எல்ஃபுகள் சுறாவோடும் விலாங்கோடும் போருக்கு வருவதைப் பார்த்துப் பலரும் வியந்தார்கள். எனக்கு அந்த மீன்களைவிட அவர்களுடைய அவலம் பெரிதாகப் பட்டது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை ஆன்மா வாடிப் பிறக்கின்றன. அவற்றை வாழவைக்கப் பிற இனத்தாரின் ஆன்மாக்களைக் கவர்ந்து வர வேண்டியிருக்கிறது. திடீரென்று வந்து அடித்துவிட்டு மறையும் அவர்களுடைய போர்முறைகூட அந்தக் குறையிலிருந்தே பிறக்கிறது. கருப்பொருள் என்று நான் சொல்வது இதைத்தான்.

தகடூர் என்று பழம்பெயர் கொண்ட நம் தருமபுரி மண்ணில் இதற்கு இணையான கதை ஒன்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. ஏறுதற்கரிய மலைப்பிளவிலிருந்து பெற்ற நெல்லிக்கனியை, அதை உண்டவர் நெடுநாள் வாழ்வார் என்பதை வெளியே சொல்லாமலேயே அதியமான் நெடுமான் அஞ்சி ஒளவைக்குக் கொடுத்துவிட்டான் என்பதைப் புறநானூறு பாடுகிறது. பள்ளிப் பாடமாகப் படித்து, கொடைக்குச் சான்றாக மட்டும் நாம் எடுத்து வைத்திருக்கும் இந்நிகழ்ச்சியை எல்ஃப் படை கட்டுபவனின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். மலைப்பிளவில் விளையும் ஒரு கனியால்தான் அந்த இனம் முழுவதும் இளமை மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய தலைவன் தன் பங்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான். ஆகவே அந்தப் படையில் அவன் ஒருவன் மட்டும் நரைக்கிறான், அவன் ஒருவனுக்கு மட்டும் முதுகு வளைகிறது, அவன் ஒருவனுக்கு மட்டும் காலம் ஓடுகிறது.

கிழட்டு எல்ஃப்! என் படையின் தலைவன் அவன்தான். வழக்கமான எல்ஃப் தளபதியின் உடலில், மனித வீரர் தொகுப்பிலிருந்து எடுத்த ஒரு முதியவரின் தலையைப் பொருத்தி, காதுகளை மட்டும் கிரீன் ஸ்டஃப் என்னும் இறுகும் பசையில் கூராக இழுத்துவிட்டிருக்கிறேன். நரையைத் தூய வெள்ளையில் தீட்டினால் மந்திரவாதியின் தாடிபோல் ஆகிவிடுகிறது. சாம்பல் நிறத்தில் தொடங்கி நுனியில் மட்டும் வெளுப்பைத் தொட்டால்தான் நேற்றுவரை கருப்பாக இருந்த முடி என்ற உணர்வு வருகிறது. அவன் கையில் நெல்லிக்கனி வைக்கலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆள் உயரம் 28 மில்லிமீட்டராகும் இந்த அளவில் உண்மையான நெல்லிக்கனி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும், அதைக் குண்டூசித் தலையளவு பெருக்கிக் காட்டினாலும் பார்ப்பவர் அதை வண்ணம் சிந்திய பொட்டு என்றே நினைப்பார். தவிர, கொடுத்துவிட்டவன் கையில் கனி எப்படி இருக்கும்? அவன் இடக்கை விரிந்து வெறுமையாக இருக்கிறது.

கனியைப் பெற்றவர் படையின் மந்திரவாதி. அவர் எல்ஃப் அல்லர், யாழ் வைத்திருக்கும் ஒரு மனிதப் பெண். விதிப்படி எல்ஃப் மந்திரவாதியாகக் கணக்கிடப்படுகிறார். சாகாதவர்களின் நடுவில் ஒரு மனிதப் பாடகி இருக்க, அவருக்குப் பக்கத்தில் எல்ஃப் ஒருவன் மூப்படைந்து நிற்பதைவிட இந்தப் படையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. இவர்கள் இருவரும் அதியமானும் ஒளவையும் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெயர்களைச் சூட்டிவிட்டால் விளையாட்டுக்கு வேண்டிய உரிமையும் போய்விடும், அவர்களுக்குரிய மரியாதையும் போய்விடும்.

அடுத்தது நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் வீரக்கற்களை நாம் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்; தருமபுரி அருங்காட்சியகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் அவற்றை அருகில் நின்று பார்க்கலாம். ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்கும் வீரன், உடலில் தைத்த அம்புகள், பக்கவாட்டில் முடித்த கொண்டை, சில கற்களில் அவன் மீட்ட மாடுகள். எல்ஃப் உருவங்களின் நீண்ட கூந்தலை அறுத்து அந்தப் பக்கக் கொண்டையை வைத்துப் பாருங்கள். காது தானாகவே வெளியே தெரிகிறது, ஐரோப்பியச் சாயலில் பாதி அந்த ஒரு மாற்றத்திலேயே போய்விடுகிறது.

விளையாட்டின் கணக்கும் நடுகல்லுக்குச் சாதகமாகவே இருக்கிறது. வார்ஹாமரின் பழைய உலகத்தில் சாதாரண மனித வீரனுக்கும் எல்ஃபுக்கும் அடியைத் தாங்கும் திறனின் எண் ஒரே அளவுதான், மூன்று. வேகமும் போர்த்திறனும் கூடுதல் என்பதால் படை சேர்க்கக் கணக்கிடும் புள்ளி விலை எல்ஃபுக்கு அதிகம், ஆகவே எண்ணிக்கை குறைவு. அடித்தால் மனிதனைப் போலவே சாகிற, ஆனால் மனிதனை ஈடுசெய்வதுபோல ஈடுசெய்ய முடியாத வீரர்கள். ஓர் அணி முற்றிலும் அழிந்தால் அது நின்ற இடத்தில் ஒரு சிறு நடுகல்லை நட்டுவிடுவது என்றும், அந்தக் கல்லுக்கு ஆறு அங்குலத்துக்குள் நிற்கும் எல்ஃப் அணி கலையாமல் நிற்க உருட்டும் மனவுறுதிச் சோதனைப் பகடையை ஒருமுறை திரும்ப உருட்டிக்கொள்ளலாம் என்றும் ஒரு வீட்டு விதியை எங்களுக்குள் வகுத்திருக்கிறோம். ஆட்டம் தோற்றுக்கொண்டே போகப் போக மேசையில் கற்கள் பெருகுகின்றன, மிஞ்சியவர்கள் கலைய மறுக்கிறார்கள். ஆட்டங்களை ஒன்றோடொன்று தொடுத்துத் தொடர்போராக ஆடும்போது இன்னும் சுவையாகிறது: நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு துறைகளையும் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஒன்றாகக் கடந்த பிறகே இறந்த தலைவனுக்குப் பதிலாக வேறொருவனை நியமிக்கலாம். எதிராளிகள் இதை மிகவும் மெதுவான தண்டனை என்கிறார்கள். ஆயுள் முடியாத இனம் அவசரப்படாது என்பது என் பதில்.

கற்களை, பிசைந்து ஒட்டும் எம்-சீல் பசையில் செய்கிறேன். விரைவில் இறுகிவிடும் என்பதால் சிறு சிறு அளவாகப் பிசைய வேண்டும். இறுகிய பின் உப்புத்தாளில் தேய்த்துக் குண்டூசியால் கீறினால் கருங்கல்லின் தன்மை நன்றாகவே வந்துவிடுகிறது. உண்மையான கருங்கல் சில்லை வைக்கலாமே என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இத்தனை சிறிய அளவில் அதைச் செதுக்க முடியாது, பெட்டியில் எடுத்துப் போகும்போது பக்கத்தில் நிற்கும் உருவங்களின் ஈட்டியை உடைத்துவிடும்.

சரி, இவர்கள் எதற்காகப் போரிடுகிறார்கள்? மாட்டுக்காக. காட்டைக் காப்பதும் பழைய பேரரசின் பெருமையை மீட்பதும் எல்ஃபுகளுக்கு அலுத்துப்போன காரணங்கள். ஆநிரை கவர்தலும் மீட்டலும் இந்த வட்டார நடுகற்களில் மீண்டும் மீண்டும் வரும் செய்தி. அதனால் எங்கள் ஆட்டங்களில் கைப்பற்ற வேண்டிய இலக்குகள் எல்லாம் மாடுகளே. அவற்றை ஓட்டிக்கொண்டு மேசையின் ஓரத்தை அடைய வேண்டும். அணிகளைப் பிரித்துக்காட்டக் கவச நிறங்களைப் பயன்படுத்தாமல் பூக்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். கவரச் செல்பவன் கொண்டையில் வெட்சியின் சிவப்பு, மீட்கச் செல்பவன் கொண்டையில் கொட்டைக்கரந்தையின் ஊதா. தூரிகை நுனியால் நாலைந்து புள்ளிகள் வைத்தால் போதும், மூன்றடி தூரத்திலிருந்தே வேறுபாடு தெரிகிறது. மாடும் எல்ஃபும் சேர்வது புதுமை என்று நான் சொல்லவில்லை. அதே நிறுவனம் 2020இல் கொண்டுவந்த லூமினெத் எல்ஃபுகளில் மலையை வழிபடும் பிரிவினர் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடுதான் வந்தார்கள், அதற்காகக் கேலியும் வாங்கினார்கள். அங்கே மாடு ஒரு சின்னம். இங்கே மாடு சொத்து, அதற்காக உயிரை விடுகிறார்கள்.

இரும்பைப் பற்றி ஒரு சொல். பிரித்தானிய நாட்டுப்புற நம்பிக்கையில் இவ்வகை மாயமக்கள் இரும்பைக் கண்டு அஞ்சுவார்கள். கதவில் லாடம் அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த அச்சத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 வரை செல்கிறது என்று தமிழக அரசு 2022இல் அறிவித்தது. (அதற்கும் முந்தைய காலக்கணிப்பு பின்னர் சிவகளைக்கு வந்துவிட்டது, தூத்துக்குடிக்காரர்கள் பொறுத்தருள்க.) இந்த மண்ணில் நிற்கும் எல்ஃப் இரும்பை உருக்குபவனாகத்தான் இருக்க முடியும். வட ஐரோப்பியப் பழம்பாடலிலேயே வோலுண்டர் என்னும் கொல்லன் எல்ஃபுகளின் தலைவன் என்று அழைக்கப்படுவதால் இது ஒன்றும் வம்புக்குச் செய்த மாற்றமும் அன்று. வெள்ளியும் பொன்னுமாக மின்னும் கத்திகளை விட்டுவிட்டு, கருப்பு அடிவண்ணத்தின் மேல் லெட்பெல்ச்சர் என்னும் உலோக வண்ணத்தை உலர்தூரிகையால் மெல்லத் தடவி, நூல்ன் ஆயில் என்னும் நீர்த்த கருவண்ணத்தைப் படரவிட்டு, கூர்விளிம்பை மட்டும் துலக்கியிருக்கிறேன்.

தோலுக்கு ரைனாக்ஸ் ஹைட் என்னும் கரும்பழுப்பில் தொடங்கி மூர்ன்ஃபாங் பிரவுன் என்னும் செம்பழுப்புக்கு ஏறி, மூக்கு, கன்னமேடு, விரல்மூட்டு ஆகியவற்றில் மட்டும் கேடியன் ஃபிளெஷ்டோன் என்னும் தோல்நிறத்தைக் கொஞ்சம் கலக்கிறேன். வெள்ளை கலந்து துலக்கினால் கரிய தோல் சாம்பல் பூத்துவிடும். வெளிச்சம் சிவப்பை நோக்கிப் போக வேண்டும். உருவம் நிற்கும் அடித்தட்டில் சலித்து வறுத்த செம்மண்ணும் ஃபெவிகாலும்தான். புல் குறைவு, பாறை அதிகம். இடிந்த வெள்ளைக் கோபுரத்துக்குப் பதிலாக மேசையின் நடுவில் நிற்பது கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் இருப்பது போன்ற, பலகைக் கல்லில் வட்டத் துளையிட்ட ஒரு கற்திட்டை; பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பிய பழங்காலத்து ஈமச்சின்னம்.

இரண்டு எல்லைகளை நான் தாண்டவில்லை. இந்த மலைகளில் இன்று வாழும் பழங்குடி மக்களின் உடையையோ நகையையோ எல்ஃபுகளுக்கு அணிவிக்கவில்லை. வாழும் மனிதர்களைக் கூர்க்காது வைத்த விசித்திரமாக்குவதற்கு எந்தக் கலைக் காரணமும் போதாது. அதேபோல, நம் ஊர்களில் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பனாக வழிபாட்டில் இருக்கின்றன. ஆகவே எந்தக் குறிப்பிட்ட கல்லையும் எழுத்துப் பொறிப்பையும் நான் படியெடுக்கவில்லை. பொதுவான அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எல்ஃபின் அழகே போய்விட்டது என்று ஒரு நண்பர் குறைபட்டுக்கொண்டார். அவர் அழகு என்று சொல்வது இளமையை. கிழவனைச் சுற்றி நிற்கும் மற்ற எல்லோரும் இளமையாகத்தான் இருக்கிறார்கள், அவனைப் பார்த்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது. அடையாளம் தெரியுமா என்ற மற்றொருவரின் கேள்வி நியாயமானது. எதிரே நிற்பவர் ஒவ்வொரு முறையும் ‘இது என்ன அணி’ என்று கேட்கும்படி எந்தப் படையும் இருக்கக் கூடாது. அதனால் 25 மில்லிமீட்டர் சதுர அடித்தட்டை மாற்றவில்லை, வில்லவனிடம் வில்லும் ஈட்டிக்காரனிடம் ஈட்டியும் அப்படியே இருக்கின்றன, நடுகல் விதியை எதிராளி வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

தேர் அணி மட்டும் இன்னும் முடியவில்லை. குதிரைகளை நீக்கிவிட்டு, கருஞ்சாம்பல் நிறத்து ஆலம்பாடிக் காளைகளைப் பூட்டியிருக்கிறேன். இரண்டு காளைகளும் நுகத்தடியும் சேர்ந்தால் அகலம் தேரின் அடித்தட்டைவிட்டு வெளியே போய்விடுகிறது. நுகத்தைக் குறுக்கினால் காளைகள் ஒன்றையொன்று இடிக்கின்றன, ஒற்றைக் காளையாக்கினால் தேர் சந்தைக்குப் போகும் வண்டிபோல் தெரிகிறது. ஒரு காளையைச் சற்று முன்னால் எட்டுவைத்தாற்போல் சாய்த்துப் பொருத்திப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மாட்டுவண்டி மாதிரிகள் செய்து பழகியவர்கள் யாரேனும் இருந்தால் வழி சொல்லுங்கள்.