கழுதைப்பால் புகட்டினால் காமாலை வராதா?

"பிறந்த குழந்தைக்கு ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டினால் மஞ்சள் காமாலை அண்டாது, குரலும் நன்றாக வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல. பிரசவ வார்டில் பணிபுரியும் செவிலியராகச் சொல்கிறேன்.

கருவில் இருந்தபோது தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் பிறந்தபின் சிதைகின்றன. அப்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்றும் அளவுக்குப் பச்சிளங்குழந்தையின் கல்லீரல் இன்னும் தேறியிருக்காது. அதனால்தான் இரண்டாம், மூன்றாம் நாளில் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. நிறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே குறைந்துவிடும். அந்தக் குழந்தைக்கு யாரோ கழுதைப்பால் கொடுத்திருந்தால், பேர் கழுதைக்குப் போய்விடுகிறது.

பிலிருபின் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறும். அதற்குக் குழந்தை நன்றாகப் பால் குடிக்க வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால், வேறெதுவும் வேண்டாம். காய்ச்சாத கழுதைப்பாலில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். பச்சை உடம்புக்காரியின் மனதில் "என் பால் போதாதோ" என்ற பயத்தையும் அது விதைக்கிறது. எனக்கு அதுதான் அதிக வருத்தம்.

முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால்வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள். பிலிருபின் மிக அதிகமானால் மூளை பாதிக்கப்படும். நேரத்தோடு வந்தால் நீல ஒளி சிகிச்சையில் குறைத்துவிடலாம்.