முத்திரைத்தாள் கையெழுத்து உரிமையைப் பறித்துவிடாது
மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலைக் கொதிகலன் வெடித்துத் தலையில் அடிபட்டவரைப் பற்றி, “ஒப்பந்தக்காரரின் ஆள், ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு முத்திரைத்தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார், இனி வழக்குக்கு வழியில்லை” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியது. 12ஆம் பிரிவின்படி, ஆலையின் வழக்கமான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்திருந்தாலும் ஆலை உரிமையாளரிடமே இழப்பீடு கோர முடிந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விரண்டும் தொடர்கின்றன. அடிபட்டவர் இ.எஸ்.ஐ.யில் (ஊழியர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில்) பதிவானவர் என்றால் மட்டும் பாதை வேறு. அப்போது ஊனத்துக்கான பயன் தொகையை அந்தக் கழகத்திடம்தான் கேட்க வேண்டும்.

“காயம்தான் ஆறிவிட்டதே” என்ற வாதமும் பொருந்தாது. எங்கள் தெருவில் இப்படி அடிபட்ட ஒருவர், நெல் மூட்டைகளை இருபது வரை எண்ணிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். நெற்றியில் ஒரு தழும்புகூடக் கிடையாது. நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடு தழும்பைப் பார்த்து அல்ல, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே நினைவாற்றல், கவனம் ஆகியவற்றைச் சோதித்து நரம்பியல் மருத்துவர் தரும் சான்றே இங்கு முக்கியம். கோரிக்கையை விபத்து நடந்த 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதன் பிறகும் ஏற்க முடியும்.