ஓநாய்க்கு தலை எண்ணிப் பாத்தா போதுமா?

ஓநாய் வேட்டை பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஒருத்தர் வந்து "மொத்த எண்ணிக்கை குறையலையே, அப்புறம் என்னங்க பிரச்சனை"ன்னு கேட்டுட்டுப் போவார். கேட்டாலே கடுப்பாகுது எனக்கு.

அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா இருக்குல்ல, அங்க 1926லயே ஓநாயை ஒழிச்சுக் கட்டிட்டாங்க, அதைச் செஞ்சதும் பூங்கா ஊழியர்களேதான். அப்புறம் 1995ல கனடாவுல இருந்து 14, அடுத்த வருஷம் 17னு பிடிச்சிட்டு வந்து விட்டாங்க. அந்த வம்சத்துல வந்த பெண் ஓநாய்தான் ஓ-சிக்ஸ் (06), 2006ல பொறந்ததால அந்தப் பேரு. ஒத்தையா நின்னே எல்க் மானை அடிச்சு சாய்ப்பா. புருஷன் 755, கூடவே அவன் கூடப்பொறந்த 754னு குடும்பம் நடத்துனா (நம்பரெல்லாம் ஓநாய் எங்க போகுதுன்னு பாக்க கழுத்துல மாட்டற ரேடியோ காலர் நம்பர்). குட்டிகளுக்கு இரை கொண்டு வர்றதுல 754க்கும் பங்கு உண்டு.

ஓநாய்க் கூட்டம்னா இதுதாங்க. அப்பா, அம்மா, முந்தின வருஷத்துப் பிள்ளைங்க, இந்த வருஷத்துக் குட்டிங்க. ரீல்ஸ்ல 'ஆல்ஃபா மேல்'னு மீசை முறுக்கற தம்பிகளா, சண்டை போட்டு ஜெயிச்ச ஆண்தான் கூட்டத்தை ஆளும்ங்கற அந்தக் கதை, ஒண்ணுக்கொண்ணு உறவே இல்லாத ஓநாய்களை ஒரே கூண்டுல அடைச்சு வச்சுப் பாத்ததுல வந்தது. அதை 1970ல புத்தகமா எழுதிப் பரப்புன ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க்கு இது பொருந்தாதுன்னு 1999ல அவரே எழுதிட்டார், புத்தகத்தை இனி அச்சடிக்காதீங்கன்னு பதிப்பகத்துக்கிட்டயும் கேட்டுப் பாத்தார். நம்மாளுங்க இன்னும் விடல.

குளிர்காலத்துல எல்க் மானுங்க பூங்காவை விட்டுக் கீழ இறங்கும், ஓநாயும் பின்னாலயே போகும், வெளிய வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு. 2012 நவம்பர்ல 754 வேட்டையில செத்தான், டிசம்பர்ல ஓ-சிக்ஸ். ரெண்டுமே சட்டப்படிதான். 755க்கு மிச்சம் இருந்த பொண்ணுங்க எல்லாம் சொந்த மகளுங்க, ஜோடி தேடி அவன் எங்கயோ போயிட்டான், கூட்டம் சிதறிப்போச்சு. கணக்குல பாத்தா செத்தது ரெண்டுதான்! மக 926 எப்படியோ கூட்டத்தைத் திரும்ப நிறுத்துனா, அவளையும் 2018ல பூங்காவுக்கு வெளிய, பக்கத்து மாநிலம் மொன்டானாவுல சுட்டாங்க.

2021ல மொன்டானா அரசு பூங்கா எல்லை ஓரம் இத்தனை ஓநாயைத்தான் சுடலாம்னு இருந்த வரம்பையே எடுத்துட்டுது. அந்த சீசன்ல மட்டும் 20க்கு மேல யெல்லோஸ்டோன் ஓநாய்ங்க காலி, பேண்டம் லேக்னு ஒரு கூட்டமே இல்லாமப் போச்சு. அஞ்சு தேசியப் பூங்காவோட தரவை வச்சு 2023ல வந்த ஆய்வும் இதைத்தான் சொல்லுது, மனுஷன் கையால தலைவனோ தலைவியோ செத்தா அந்தக் கூட்டம் கலையறதுக்கும், அந்த வருஷம் குட்டி போடாமப் போறதுக்கும் வாய்ப்பு ரொம்பவே ஜாஸ்தி.

மாடு வளர்க்கறவங்க வயித்தெரிச்சல் எனக்கும் புரியுது, கன்னுக்குட்டி போனா காசு போச்சு. அதுக்கு அங்க இழப்பீடு குடுக்க ஒரு அரசு வாரியமே இருக்கு, பத்தலைன்னா தொகையைக் கூட்டுங்க. மாநிலம் முழுக்க வேட்டையை நிறுத்துங்கன்னு நான் கேக்கல. பூங்காவை ஒட்டி இருக்கற அந்தப் பட்டையில மட்டும் துப்பாக்கியை இறக்கி வைங்கன்னுதான் கேக்கறேன்.