நாலு மீட்டர் தள்ளி நில்

(சீஷெல்ஸ் நாட்டில் ப்ராலின் தீவை அடுத்த கடல். ஆடிக்கொண்டிருக்கும் படகில் சுந்தரமும் கோமதியும். சுந்தரத்தின் கழுத்தில் பைனாகுலர், மடியில் கைக்குழந்தை மாதிரி ஒரு 600 மி.மீ. லென்ஸ். கோமதியிடம் ஒரு போன், அவ்வளவுதான்.)

கோமதி: என்னங்க, தீவு அதோ தெரிகிறது. நடுக்கடலில் எதற்கு நிறுத்திவிட்டார்கள்?

சுந்தரம்: அங்கிருந்து வேறு படகு வரும், அதில் மாறி ஏற வேண்டும். வெளிப் படகு எதுவும் கசின் தீவில் கரை சேரக் கூடாது. படகோடு ஒரு எலி போய் இறங்கினால் போதும், முட்டை, குஞ்சு எல்லாம் காலி.

கோமதி: எலிக்குப் பயந்து என்னைக் கடலில் படகு தாண்ட வைக்கிறீர்கள். அது என்ன பெயர், கசின்?

சுந்தரம்: ஆமாம். பக்கத்தில் இன்னொன்று தெரிகிறதே, அது கசீன்.

கோமதி: பெரியப்பா பையன், சித்தப்பா பெண் மாதிரியா? சரி, நகருங்கள்.

(படகு மாறுகிறார்கள். புதுப் படகு கரையை நோக்கிச் சீறுகிறது.)

கோமதி: ஐயோ, இவர் ஏன் மணலைப் பார்த்து இந்த வேகத்தில் ஓட்டுகிறார்?

சுந்தரம்: இங்கே படகுத்துறை கிடையாது. அலையோடு வேகம் கூட்டி நேரே மணலில் ஏற்றிவிடுவார்கள். பிடித்துக்கொள்!

கோமதி: எதை?

சுந்தரம்: லென்சை!

(கரை. காட்டுக்குள் நிழல். வழிகாட்டி முன்னால் போகிறார். கோமதி தன் கன்னத்தில் தானே ஓர் அறை விடுகிறாள்.)

கோமதி: பறவை இருக்கிறதோ இல்லையோ, கொசு இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு எதைப் பார்க்க வந்தோம்? மயில் மாதிரி ஏதாவதா?

சுந்தரம்: கதிர்க்குருவி. சீஷெல்ஸ் கதிர்க்குருவி. ஒரு காலத்தில் இந்தத் தீவே தென்னந்தோப்பு. 1968இல் உலகத்தில் மிச்சமிருந்த அந்தக் குருவிகளை எண்ணினால் முப்பதுகூடத் தேறாது. அத்தனையும் இங்கேதான். அதைக் காப்பாற்ற அந்த வருஷம் தீவையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

கோமதி: குருவிக்குத் தீவு வாங்கியிருக்கிறார்கள். நான் ஜன்னலுக்குக் கொசுவலை கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

சுந்தரம்: உஷ்! பறவை பறந்துவிடும்.

கோமதி: எங்கே பறக்கிறது? இதோ, என் தோள் உயரத்தில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. அட, அடியில் முட்டை! கூடே இல்லை, வெறும் கிளைமேல் வைத்திருக்கிறது!

சுந்தரம்: வெள்ளை ஆலா! அது கூடு கட்டாது. கிளையில் சின்னப் பள்ளம் கிடைத்தால் ஒரே ஒரு முட்டையை அதில் வைத்துவிடும். குஞ்சு பொரிந்ததுமே நகத்தால் கிளையைப் பற்றிக்கொள்ளும். கொஞ்சம் விலகு, படம் எடுக்கிறேன்.

(லென்சைத் தூக்குகிறார். மூச்சைப் பிடிக்கிறார். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி முனகுகிறது.)

கோமதி: என்ன ஆயிற்று?

சுந்தரம்: மங்கலாகத் தெரிகிறது. நாலு மீட்டருக்குள் இருந்தால் இந்த லென்ஸ் பிடிக்காது. பறவை கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும்.

கோமதி: நீங்களே சொல்லிப் பாருங்கள். முட்டையை விட்டு எப்படிப் போகும்? நீங்கள்தான் தள்ளிப் போக வேண்டும்.

(சுந்தரம் கண்ணை எடுக்காமல் பின்னால் நடக்கிறார்.)

கோமதி: ஏங்க! காலுக்குக் கீழே!

சுந்தரம்: என்ன, பாம்பா?

கோமதி: பறவை! மரத்தடியில் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. வால் எவ்வளவு நீளம்! உங்கள் கணுக்காலைக் கொத்தப் பார்க்கிறது.

சுந்தரம்: இந்தப் பக்கம் வந்துவிடட்டுமா?

கோமதி: அங்கே தரைக்குள் பொந்து இருக்கிறது, அதற்குள்ளும் ஏதோ பறவை குஞ்சு வைத்திருக்கிறதாம். வழிகாட்டி பாதையை விட்டு இறங்காதே என்கிறார். அசையாமல் நில்லுங்கள். உங்கள் செருப்பில் அரணை ஏறுகிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். (கிளிக்.)

சுந்தரம்: அரணையை யாராவது படம் எடுப்பார்களா?

கோமதி: அதற்கு நாலு மீட்டர் வேண்டாமே.

(சற்றுத் தூரம் போய் வழிகாட்டி விரலைக் காட்டுகிறார்.)

சுந்தரம்: கோமதி, அதுதான்! கதிர்க்குருவி! எத்தனை வருஷக் கனவு!

கோமதி: எது? இந்தத் தவிட்டு நிறக் குருவியா? இது அப்போதே என் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. கொசு பிடிக்க வந்ததோ என்று நினைத்தேன். காலில் கலர் கலராக வளையல் வேறு.

சுந்தரம்: வளையல் இல்லை, வளையம். எது யார் என்று அடையாளம் தெரிய ஆராய்ச்சிக்காரர்கள் போட்டது. மூத்த குஞ்சு, அதிலும் பெண் என்றால், பல சமயம் வீட்டை விட்டுப் போகாமல் அம்மாவோடு சேர்ந்து அடுத்த குஞ்சை வளர்க்கும்.

கோமதி: அடி பாவம். எந்தத் தீவுக்குப் போனாலும் மூத்தவள் கதி இதுதானா? இன்னும் முப்பதுதானா இருக்கிறார்கள்?

சுந்தரம்: இல்லையில்லை. 1988இல் கொஞ்சத்தைப் பிடித்து அரீட் தீவில் விட்டார்கள், அப்புறம் பக்கத்துக் கசீனிலும் விட்டார்கள். இப்போது ஆயிரக்கணக்கில். (லென்சோடு மல்லுக்கட்டுகிறார்.) ஐயோ, பிடிக்க மாட்டேன் என்கிறதே!

கோமதி: எத்தனை மீட்டர்?

சுந்தரம்: (தாழ்ந்த குரலில்) ஒன்றரை.

(மேலே கிளையில் இருந்த ‘நாடி’ (noddy) என்ற கடற்பறவை ஒன்று லென்சின் மீது சொத்தென்று எச்சமிடுகிறது. நீண்ட மௌனம்.)

சுந்தரம்: கோமதி... உன் போனில் ஒன்று எடேன்.

கோமதி: இடமில்லை என்று காட்டுகிறது. அரணையே நாற்பது எடுத்திருக்கிறேன்.

சுந்தரம்: எதையாவது அழி, சீக்கிரம்!

கோமதி: அழித்துவிட்டேன். (கிளிக். கிளிக்.) அப்பா, என்ன தெளிவு! காலில் வளையல்கூட விழுந்திருக்கிறது.

சுந்தரம்: நல்லவேளை. எதை அழித்தாய், அரணையையா?

கோமதி: அதை எதற்கு அழிக்கிறேன்? விமான நிலையத்தில் இந்த லென்சை மாட்டிக்கொண்டு நின்று இருபது படம் எடுக்கச் சொன்னீர்களே, அதை.