‘பையை முன்னாடி மாட்டிக்கோங்க’

வெளிநாட்டுக்காரர்களுக்கு வடசென்னையைச் சுற்றிக் காட்டும் அந்த வீடியோவைப் பற்றி எல்லாரும் பேசி ஓய்ந்தாகிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்று காலை ஆபீஸ் குரூப்பில் ஒருவர் அதை ஃபார்வர்ட் செய்து, கீழே "உங்க ஏரியாதானே மேடம்?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக ஒட்டியிருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

லிங்க் தரமாட்டேன், சேனல் பெயரையும் சொல்லமாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் படியேறி வெளியே வரும்போது, நம்ம ஊர்த் தம்பி கூட வந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்களிடம் குரலைத் தாழ்த்தி, "பையை முன்னாடி மாட்டிக்கோங்க, இனிமே கொஞ்சம் டேஞ்சர் ஏரியா" என்று இங்கிலீஷில் சொல்கிறாரே, அந்த இடம்தான். பின்னணியில் பேய்ப்பட மியூசிக் வேறு. அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிகிறது என்று யாராவது கவனித்தீர்களா? ஒரு பாட்டி பூ கட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்கூல் யூனிஃபார்மில் இரண்டு பையன்கள் ஐஸ் சப்பிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பாட்டிக்குத்தான் அந்த மியூசிக்.

கடைசியில் அறிவுரை. சென்னைக்கு வரும் டூரிஸ்ட்டுகள் சென்ட்ரலுக்கு வடக்கே பஸ், ஷேர் ஆட்டோ எதிலும் ஏறவேண்டாமாம். போயே தீரவேண்டும் என்றால் ஏசி காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகவேண்டுமாம்.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். பஸ்ஸில் ஏறுங்கள். ஷேர் ஆட்டோவில் ஏறுங்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால் உங்களுக்குத் தெரியப்போவது கன்டெய்னர் லாரியின் பின்பக்கம் மட்டும்தான். அதுவும் எண்ணூர் ரோட்டில் மாட்டினால் ஒரே லாரியின் பின்பக்கத்தை ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

அந்தத் தம்பி சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். ஏர்போர்ட்டில் இறங்குகிறவர் நீல வழி மெட்ரோவில் ஏறினால், எங்கேயும் மாறாமல் விம்கோ நகர் வரை வரலாம். மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். தண்டையார்பேட்டை தாண்டியதும் வண்டி சுரங்கத்திலிருந்து மேலே ஏறும். அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அங்கே ஒரு தடவை நிமிரும். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்த ஊர் இது. இன்னும் கொஞ்சம் கடல் பக்கம் நடந்தால் பட்டினத்தார் சமாதி. ராயபுரத்தில் 1910இல் கட்டிய பார்சிக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். உள்ளே நம்மை விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். பாரிமுனைப் பக்கம் வந்தால் அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர் சர்ச், பீச் ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். அத்தோவைச் சாப்பிட்டுவிட்டு அந்த வெளிநாட்டுக்காரர் முகம் மலர்ந்ததே, அதைப் பத்து விநாடிகூட வீடியோவில் விடவில்லை. பயத்துக்கு நீளம் வேண்டும் இல்லையா, வெட்டிவிட்டார்கள்.

மின்சார ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டணப் பஸ்ஸிலும் அதே. பெண்கள் என்றால் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் காசே கிடையாது. கண்டக்டர் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூர் வரை ஓடும் ஒன்றாம் நம்பரில் ஏறினால் வடக்கிலிருந்து தெற்கு வரை மொத்த ஊரும் வந்துவிடும். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். ஷேர் ஆட்டோவுக்கு மட்டும் எந்தச் செயலியும் உதவாது. அதற்கு போர்டும் கிடையாது. டிரைவர் கத்துவதுதான் போர்டு. நீங்கள் போகிற இடத்தின் பேரைச் சொல்லுங்கள், அவர் தலையை ஆட்டினால் ஏறுங்கள், இறங்கும் இடம் வரும்போது "ஓரமா நிறுத்துங்கண்ணா" என்று ஒரு குரல். அவ்வளவுதான் வித்தை.

சித்திரை, வைகாசியில் வருகிறவர்கள் மட்டும் வெயிலுக்கு முன்னாடி கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்குமேல் பஸ் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது. தண்ணீர் பாட்டிலும் சில்லறையும் இருக்கட்டும்.

சில்லறை என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் திருவொற்றியூர் டோல்கேட்டில் ஷேர் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பது வயது இருக்கும், ஒரு வெள்ளைக்காரக் கணவன் மனைவி வந்து "தேரடி? தேரடி?" என்று கேட்டார்கள். டிரைவர் தலையை ஆட்டினார். எனக்குப் பக்கத்தில் மீன்கார அம்மா, காலடியில் அன்னக்கூடை. வியாபாரம் முடிந்த கூடைதான், ஆனாலும் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளைக்கார அம்மா கால் வைக்க இடம் பார்ப்பதற்குள், இவர் இடுப்பில் செருகியிருந்த சாக்குத் துண்டை உருவி, கசிந்த தண்ணீரைத் துடைத்து, கூடைக்கு அடியில் அண்டக் கொடுத்துவிட்டு, "குந்தும்மா" என்றார். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் உட்கார்ந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எந்த ஊராம் கேளு." கேட்டேன். போலந்து. "அங்க கடல் கீதா?" இருக்கிறதாம். "என்னா மீனு?" இதற்குமேல் என் இங்கிலீஷ் தாங்கவில்லை. அந்த மனிதர் போனில் ஏதோ மீன் படத்தைத் தேடி எடுத்துக் காட்ட, இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இத்தப் போயி துண்றாங்களா, பாவம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தேரடியில் இறங்கி அவர்கள் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டியதும் டிரைவர் கத்தினார் பாருங்கள், "காலங்காத்தால எல்லாம் இத்தையே நீட்டுனா நான் எங்க போவேன்!" எங்களை எப்படிக் கத்துவாரோ அதேபோல. ஒரு ரூபாய் அதிகம் கேட்கவில்லை.

இதுதான் டேஞ்சர் ஏரியா.

உடனே வருவீர்கள், தெரியும். "பீச் ஸ்டேஷனிலிருந்து காசிமேட்டுக்கு ஆட்டோக்காரர் அறுநூறு கேட்டது வீடியோவிலேயே இருக்கிறதே?" இருக்கிறது. கேட்டது அநியாயம்தான். ஆனால் ஆட்டோவுக்கு அரசு கடைசியாகக் கட்டணம் நிர்ணயித்தது 2013இல். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்குக்கு இன்றைக்கு யார் ஓட்டுவார்? அடையாறில் ஓட்டுகிறார்களா? மயிலாப்பூரில் மீட்டர் போடுகிறார்களா? அங்கே அதிகமாகக் கேட்டால் அது ஆட்டோப் பிரச்சினை. இங்கே கேட்டால் ஏரியாப் பிரச்சினை. அமெரிக்காவில் 2024இல் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது மட்டும் ‘சென்னைப் பெண் சாதனை’. ‘வட’ எங்கே போனது?

"போன் பறிப்பு, செயின் பறிப்பெல்லாம் நடக்கத்தானே செய்கிறது?" நடக்கிறது. என் போனும் ஒரு தடவை போனது. எங்கே தெரியுமா? ரங்கநாதன் தெருவில், தீபாவளிக் கூட்டத்தில். தி.நகருக்கு யாரும் பேய் மியூசிக் போடவில்லை.

"வெளிநாட்டுப் பெண்களை முறைத்துப் பார்க்கிறார்களே?" பார்க்கிறார்கள். அது ஊர் முழுக்க இருக்கும் வியாதி. கும்மிடிப்பூண்டி லைனில் மட்டும் பரவியதல்ல. தனியாகப் போகும் பெண் எந்த ஊரில் எப்படி இருப்பாரோ அந்த ஜாக்கிரதை போதும். நான் இங்கேதான் ராத்திரி பத்து மணிக்கு இறங்கி வீட்டுக்கு நடக்கிறேன்.

"நாத்தம், தூசி, லாரி. அதை மறைக்க முடியுமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஊரின் பாதிக் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. உங்கள் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மணலியில் சுத்தமாகிறது. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், அதன் சாம்பல் எண்ணூர் ஓடையில். 2017இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கடற்கரையில் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய், அது வடிவதற்குள் அம்மோனியா வாயு. ராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இந்தப் பஸ்ஸில் போகிறவர்கள்தான். எல்லாவற்றையும் எங்கள் பக்கம் அனுப்பிவிட்டு, அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து வீடியோ எடுப்பீர்கள்.

போக்குவரத்து என்று பேச ஆரம்பித்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் எங்கே கிளம்பியது? ராயபுரத்தில். வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றைக்கும் தூணோடு நிற்கிறது. அப்படிப்பட்ட பக்கத்துக்கு மெட்ரோ எப்போது வந்தது? கோயம்பேடு–ஆலந்தூரில் 2015இல் ஓட ஆரம்பித்தது. விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரி. புறநகர் ஏசி ரயில் 2025இல் வந்தது, அதுவும் கடற்கரை–செங்கல்பட்டு பக்கம். எங்கள் லைனில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு முடித்துவிடலாம். கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்குக் குளமாவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். டூரிஸ்ட்டுக்கு இங்கே கஷ்டம் என்றால் இதுதான் கஷ்டம். மனிதர்கள் இல்லை.

இன்னொன்று. அக்காவுக்கு வரன் பார்த்தபோது ஒரு குடும்பம், எல்லாம் பிடித்துப்போய், கடைசியில் வீடு எங்கே என்று கேட்டார்கள். தண்டையார்பேட்டை என்று அப்பா சொன்னார். ஹார்பரில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன், பெருமையாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துவிட்டு, "எங்க சனம் அந்தப் பக்கம் வந்து போக யோசிப்பாங்க சார்" என்றார். வந்து போக. பாரிமுனையிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ ஓடுகிற ஊருக்கு. இன்றைக்கும் ஆபீஸிலிருந்து லேட்டாகக் கிளம்பி ஆப்பில் வண்டி போட்டால், டிரைவர் போன் பண்ணி "டிராப் எங்க மேடம்?" என்பார். பதில் சொன்னதும் கேன்சல். அவரும் இந்த ஊர்க்காரர்தான், என் மொழிதான் பேசுகிறார். போலந்துக்காரர்களுக்கு இல்லாத பயம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? இந்த மாதிரி மியூசிக் கேட்டு வளர்ந்ததுதான்.

"ஒரு சின்னப் பையன், வியூஸுக்காகப் போட்டான், விட்டுவிடுங்களேன்" என்று இன்பாக்ஸில் வந்து சொல்பவர்களுக்கு: விட்டுவிடலாம். எங்கள் தெருப் பையன் வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போது முகவரியைப் பார்த்துவிட்டு ஒரு ஹெச்.ஆர். அந்த வீடியோவை நினைக்கமாட்டார் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அடுத்த பாகம் காசிமேடு என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. தம்பி, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வந்துவிடு. பையை முன்னாடி மாட்டிக்கொள், பின்னாடி மாட்டிக்கொள், உன் இஷ்டம். மீன் ஏலம் நடக்கிற நேரத்தில் உன் பையைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. டிரைபாடை மட்டும் வழியில் வைக்காதே, ஐஸ் வண்டிக்காரர் திட்டுவார்.