டைபீரியஸ் தெனாரியஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல விளிம்பைக் காட்டச் சொல்லுங்க

ரோமானிய வெள்ளிக்காசு சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ரோமப் பேரரசர் டைபீரியஸ் வெளியிட்ட தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசைத்தான். பைபிளில் வரும் வரிக்காசு இதுதான் என்ற பேச்சே இதன் விலையை ஏற்றிவிட்டது. இது அரிய காசே இல்லை. இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகர அக்கசாலையில் (காசு அடிக்கும் இடம்) ஆண்டுக்கணக்காக ஒரே மாதிரி அடித்துத் தள்ளியது. நம் கொங்குப் பகுதிப் புதையல்களிலும் அவருக்கு முன் ஆண்ட அகஸ்டஸின் காசோடு கொத்தாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் கிராக்கி உள்ள காசுக்குத்தான் போலியும் அதிகம்.

அதனால் விளிம்பின் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். அச்சில் அடித்த காசின் விளிம்பில் வெடிப்பு இருக்கலாம், அது குறையல்ல. வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும், அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம் இருக்கும். எழுத்துகளின் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக் குழிகளும் தெரியும்.

எடை 3.6 முதல் 3.8 கிராம் வரை இருந்தால் சரி. 3 கிராம் பக்கம் இறங்கினால் உள்ளே செம்பு இருக்கலாம். அந்தக் காலக் கள்ளக்காசுகளே அப்படித்தான், செம்பின் மேல் வெள்ளித் தகடு. நகைக்கடை காரட் மீட்டரை நம்ப வேண்டாம், அது மேல்தோலைத்தான் படிக்கும். 0.01 கிராம் காட்டும் தராசில் சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்து, பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்குங்கள். 3.75 கிராம் காசுக்கு 0.36 கிராம் காட்டினால் வெள்ளி, 0.40-ஐத் தாண்டினால் செம்பு. காசில் காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்கு தப்பும், ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். பேரரசர் நீரோ கி.பி. 64-இல் வெள்ளியின் தரத்தைக் குறைப்பதற்கு முந்தைய காசு என்பதால்தான் இந்தக் கணக்கு பொருந்துகிறது. பின்னால் வந்த பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் காசில் பாதிதான் வெள்ளி. அங்கே இந்தக் கணக்கு உதவாது.

வாங்கியபின் புளி, விபூதி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கருமை போனால் விலையும் போகும். மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கலாம். அப்படிப்பட்டது சிமெண்ட் தரையில் விழுந்தால் இரண்டாகிவிடலாம். பி.வி.சி. உறையிலும் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும்.

“நம்மூர் மண்ணில் தோண்டியது” என்று யாராவது ஆசை காட்டினால் வாங்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நூறாண்டு தாண்டிய காசு என்பதால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய சேகரிப்பிலிருந்து வந்ததற்கான ஏல ரசீது கேளுங்கள், அதைக் காசோடு சேர்த்தே வையுங்கள்.