கோவாவில் நல்ல ஸ்டேக் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டுங்கள்

டிசம்பர் நெருங்கினால் இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அண்ணே, கோவா போறோம், கலங்குட் பக்கம் ரூம் போட்டாச்சு, நல்ல ஸ்டேக் எங்க கிடைக்கும்?" ஆளாளுக்குத் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன், அடுத்த முறை லிங்க்கைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பீச்சில் கிடைக்காது தம்பி. முதல் பதிலும் முக்கியமான பதிலும் அதுதான்.

நான் ஆம்பூர்க்காரன். மாட்டுக்கறி எனக்குப் புதிதில்லை, பிரியாணியிலும் சுக்காவிலும் வளர்ந்த நாக்கு இது. ஆனால் நம்மூரில் கறி என்றாலே துண்டு போட்டதுதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாகத் தட்டில் வைத்து, கத்தியும் முள்கரண்டியும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னது கோவாதான். அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதல் ஸ்டேக்கே படுமோசம்.

வடகோவாவில், பாகா பீச் பக்கம் ஒரு ஷாக், அதாவது கடற்கரைக் கீற்றுக்கொட்டகை ஹோட்டல். பெயர் வேண்டாம், இப்போது இருக்கிறதோ இல்லையோ. மெனுவில் 'இம்போர்ட்டட் டெண்டர்லாயின்' என்று போட்டிருந்தார்கள், விலையும் அதற்கேற்றபடி. மீடியம் ரேர் கேட்டேன், அதாவது நடுவில் சிவப்பு விட்டு அரைகுறையாக வாட்டுவது. இருபது நிமிஷம் கழித்து, முட்டைக்கோஸ் இலை மேல் புகை பறக்க, இரும்புத் தட்டில் 'ஸ்ஸ்ஸ்' என்று வந்தது. பக்கத்து மேசையெல்லாம் திரும்பிப் பார்த்தது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கத்தியை வைத்தால் இறங்கவில்லை. மேலே காளான் சாஸ், கீழே சைக்கிள் டியூப். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது: அந்த இரும்புத் தட்டு சூட்டோடு வருகிறதே, அதன் மேல் கறி இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கும். அடுப்பை விட்டு மீடியம் ரேராகவே கிளம்பியிருந்தாலும் நம் மேசைக்கு வந்து, படம் எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டு முடிப்பதற்குள் கட்டையாகிவிடும். இப்படிச் சூட்டுத் தட்டில் வருவதற்குத்தான் சிஸ்லர் என்று பெயர்; சிஸ்லரில் ஸ்டேக் கேட்காதீர்கள்.

இந்த 'இம்போர்ட்டட்' விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்குள் மாட்டிறைச்சி இறக்குமதிக்கு அனுமதியே கிடையாது. எந்த வடிவிலும் கிடையாது, நம் இறக்குமதிக் கொள்கையிலேயே அது தடை. ஆட்டுக்கறி நியூசிலாந்திலிருந்து வரும், சால்மன் நார்வேயிலிருந்து வரும், மாட்டுக்கறி வராது. அப்புறம் எப்படி மெனுவில் ஆஸ்திரேலியன், வாக்யு (ஜப்பான் மாட்டு ரகம்) என்றெல்லாம் போடுகிறார்கள்? அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பெயருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்தால் ரெண்டு பாட்டில் உராக் வாங்கலாம் (மார்ச் முதல் மே வரை போனால் மட்டும், அது முந்திரிப்பழ சீசன் சரக்கு).

அப்படியானால் தட்டில் வருவது என்ன? பெரும்பாலும் எருமை, சில சமயம் காளை. கோவாவில் 1978 சட்டப்படி பசுவை வெட்டக் கூடாது; 1995-இல் வந்த இன்னொரு சட்டப்படி காளையையும் எருமையையும் சான்றிதழ் வாங்கி வெட்டலாம். எருமைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும், கொழுப்பு பால் மாதிரி வெள்ளை. யூடியூபில் காட்டுவார்களே, சதைக்கு நடுவில் பளிங்கு மாதிரி கொழுப்பு ஓடுகிற துண்டுகள், அது இதில் அநேகமாகக் கிடையாது. உழைத்த மாடு, புல் தின்ற மாடு, கொழுப்பு எங்கிருந்து வரும்? அதனால் ரிப்-ஐ, டி-போன் என்று அமெரிக்கப் பெயரில் கேட்டு வாங்கினால் தாடைக்குத்தான் வேலை. இந்தக் கறியில் ஸ்டேக்குக்கு ஆகிற இடம் ஒன்றே ஒன்று, அண்டர்கட். மெனுவில் டெண்டர்லாயின் என்று வருவதும் இதுதான். முதுகெலும்புக்கு உள்பக்கம், இடுப்புக்கு அடியில் நீளமாக ஓடும் சதை. நடப்பதிலும் பாரம் இழுப்பதிலும் அதற்குப் பெரிதாக வேலை இல்லை, அதனால்தான் மிருது. கோவாவில் கசாப்புக் கடைக்காரரிலிருந்து ஹோட்டல்காரர் வரை எல்லோரும் அண்டர்கட் என்றுதான் சொல்வார்கள்.

கொங்கணியில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள்: "அண்டர்கட் ஆசா?" ஆசா என்றால் 'இருக்கிறதா'. நம் காதுக்கு 'ஆசையா' என்று கேட்கும், ரெண்டும் பொருத்தம்தான்.

ஷாக்குகளைத் திட்டுவது என் நோக்கமில்லை. அக்டோபர் வாக்கில் மூங்கிலையும் கீற்றையும் வைத்துக் கட்டி, மழைக்கு முன்னால் பிரித்துப் போடும் கடை அது. சின்னச் சமையலறை, நாலு அடுப்பு, ஒரு ஃப்ரீஸர், இருநூறு அயிட்டம் மெனு. சமையல்காரர் அந்த சீசனுக்கு மட்டும் நேபாளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையன். அவனிடம் பாஸ்தாவும் கேட்கிறோம், பட்டர் சிக்கனும் கேட்கிறோம், ஸ்டேக்கும் கேட்கிறோம். உறைந்த கறியை நிதானமாக இளக வைக்கவே அங்கே நேரமில்லை. அங்கே உட்கார்ந்தால் மீன் சாப்பிடுங்கள், எதிரிலேயே கடல். கலங்குட்டில் 1932 முதல் நடக்கும் சோசா லோபோவுக்குப் போனாலும் நான் மீன், நண்டு பக்கம்தான் சாய்வேன்.

சரி, ஸ்டேக்குக்கு எங்கே போவது? தெற்கே, உள்ளே. சால்செட் தாலுகா கிராமங்கள். பெனாலிம், பெடல்பாட்டிம், ராயா பக்கம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பீச் ரோட்டை விட்டு விலகி, வயல், தேவாலயம், ரெண்டு மாமரம் தாண்டினால் டாவர்னாக்கள் வரும். நம்மூர் மொழியில் சொன்னால் ஒயின்ஷாப்பும் மெஸ்ஸும் கலந்த கலவை, ஆனால் குடும்பமும் வரும், பாட்டியும் வருவார். வாசலில் கரும்பலகை இருந்தால் வண்டியை நிறுத்துங்கள். அதில் சாக்கட்டியில் டங் ரோஸ்ட், பீஃப் சில்லி ஃப்ரை என்று எழுதியிருந்தால் இறங்கிவிடுங்கள். நாக்கை ரோஸ்ட் பண்ணத் தெரிந்த சமையலறைக்கு அண்டர்கட் ஒரு விஷயமே இல்லை.

பெனாலிம் உள்பக்கம் நான் போகிற டாவர்னாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏழே மேசை. நீங்கள் எல்லோரும் போனால் நான் எங்கே உட்காருவது? கோபித்துக்கொள்ளாதீர்கள், என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். ஒரு ஆன்ட்டிதான் சமையல். மூன்றாவது தடவை போனபோது, எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார். அண்டர்கட்டைக் குறுக்குவாட்டில் ரெண்டு விரல் கனத்துக்கு வெட்டி, கத்தியின் முதுகால் ரெண்டு பக்கமும் தட்டினார். பலமாக இல்லை, மாவு தட்டுவது மாதிரி. கனம் பாதியானது. நசுக்கின பூண்டு, உப்பு, அப்போதே இடித்த மிளகு, ரெண்டு சொட்டு தென்னங்கள் வினிகர். இந்த வினிகர்தான் ஆள். சீமை வினிகரின் காரம் கிடையாது, லேசாகப் புளித்த கள் வாசனை. அரை மணி நேரம் ஊறியது. அப்புறம் கருத்துப்போன வார்ப்பிரும்புத் தோசைக்கல், அது புகையும் வரை சூடு. கறியைப் போட்டால் ஒரு அலறல். பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்லை. எடுத்துத் தட்டில் மூடி வைத்துவிட்டு, அதே கல்லில் வெண்ணெய், வளையமாக அரிந்த வெங்காயம், கறி விட்ட சாறு, இன்னும் கொஞ்சம் மிளகு. கல்லில் ஒட்டியதையெல்லாம் சுரண்டி அதிலேயே கலந்தார். அதுதான் சாஸ், கார்ன்ஃப்ளவர் கிடையாது. கடைசியில் மேலே ஒரு அரைவேக்காட்டு முட்டை. கறி மேல் முட்டை குதிரையேறுவது போர்த்துகீசியர் விட்டுப்போன பழக்கம், அவர்கள் மொழியில் அதற்குப் பெயரே குதிரைச் சவாரிதான். கூடவே உருளைக்கிழங்கு வறுவல், ஒரு போய்.

போய் என்பது தவிடு தூவின கோதுமை ரொட்டி, உள்ளே காலியாக பை மாதிரி இருக்கும். காலையிலும் சாயங்காலமும் போதர் (ரொட்டிக்காரர்) சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு கொண்டுவருவார். மஞ்சள் கருவும் மிளகுச் சாறும் கலந்து தட்டில் நிற்கும்போது அதைப் பிய்த்துத் துடைத்துச் சாப்பிட வேண்டும். முள்கரண்டியைக் கீழே வைத்துவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான் நம்மூர்ப் பழக்கதோஷத்தில் "வெல் டன்" (முழுக்க வெந்தது) என்றபோது ஆன்ட்டி சொன்னது: "அப்படிக் கேட்டா தட்டுல செருப்புத் தோல்தான் வரும். எனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்றேன், புடிக்கலேன்னா காசு வேண்டாம்." ரத்தம் தெரிந்தால் நம்மாட்களுக்குப் பயம். உண்மையில் அது ரத்தமே இல்லை, சதைக்குள் இருக்கிற சாயம் கலந்த நீர். அவர் தட்டிய கனத்துக்கு ரேர், மீடியம் என்ற பஞ்சாயத்தே இல்லை. நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். விலை, பாகா ஷாக்கில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

அஞ்சு நட்சத்திர ரிசார்ட்டில் நல்ல ஸ்டேக் இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல கிரில் வைத்திருக்கிறார்கள், கேட்ட பதத்தில் தருகிறார்கள். அதே அண்டர்கட்தான், தட்டு பெரிது. அதற்குக் கோவா வரை போவானேன்.

நேரத்தை மட்டும் கவனியுங்கள். மதியம் மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றால் ஊரே தூங்கிக்கொண்டிருக்கும், சாயங்காலம் ஏழுக்குத்தான் அடுப்பு மறுபடி பற்றும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் வீட்டுச் சமையலறைகளில் கறி எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு சிக்கல், கோவாவுக்குத் தேவையான மாட்டுக்கறியில் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்து, முக்கியமாக பெலகாவி பக்கமிருந்துதான் வருகிறது. 2021-இல் அங்கே மாடு வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் புதுச் சட்டம் வந்ததும் கோவாவில் தட்டுப்பாடு. 2018 ஜனவரியிலும் 2024 கிறிஸ்துமஸுக்கு முன்னாலும், பசுக் காவலர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களோடு தகராறாகி வியாபாரிகள் கடையையே அடைத்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் உப்புக்கண்ட நாக்கு இல்லாத கோவா வீட்டை நினைத்துப் பாருங்கள். அதனால் ஆசைப்பட்டு நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, ஆசா என்று கேட்டுவிடுங்கள்.

என் கட்சி இன்னொன்று, யாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்: ஸ்டேக்குக்கு ஜூலைதான் சரியான மாதம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, ஷாக்கெல்லாம் பிரித்தாகிவிட்டது, கடல் சேற்று நிறத்தில் குமுறிக்கொண்டிருக்கும், ரூம் வாடகை பாதி. மீன் இல்லாத ஊர் கறிக்குத் திரும்புகிற காலம் அது. ஓட்டுக் கூரையில் மழை கொட்ட, உள்ளே அந்தத் தோசைக்கல் அலறும்.

மட்கானில் ரயிலேறுகிறவர்களுக்கு, நகராட்சிப் பக்கம் 1950 முதல் இருக்கும் லாங்கினோஸில் பீஃப் குரோக்கெட் (கொத்துக்கறியை உருட்டிப் பொரித்தது) ஆறு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று என்றால் பிளாட்பாரத்திலேயே தீர்ந்துவிடும்.

போன முறை ஊருக்கு வந்ததும் நம்ம கடை பாயிடம் நேரே போனேன். "பாய், அண்டர்கட் ஒரு கிலோ, முழுசா வேணும், துண்டு போடாதீங்க" என்று ரெண்டு தடவை சொன்னேன். "சரிப்பா சரிப்பா" என்றார். ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன், கை பாட்டுக்கு வேலை செய்துவிட்டது. அழகாக, ஒரே அளவில், பிரியாணித் துண்டு.